கூட்ஸ் வண்டிக்கு அந்தப் பக்கம்

மாலை நாலு இருபதுக்கு அந்தக் கூட்ஸ் வண்டி எனக்கும் என் மகளுக்கும் நடுவில் வந்து நின்றது. அதற்குச் சற்று முன் நான் எடுத்த படம் போனில் நேரத்தோடு இருக்கிறது. அவள் பழைய சிக்னல் கேபினின் சுவரோரம், கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசிய கழியை நிமிர்த்திப் பிடித்தபடி சிரிக்கிறாள்.

அவளுக்குப் பதினெட்டு வயது. பொம்மை ரயிலுக்குக் கட்டடங்கள் செய்வதில் பைத்தியம். ராயபுரத்தில் எங்கள் சாப்பாட்டு மேசையில் பாதி அவளுடைய தண்டவாளத்துக்குப் போய்விட்டது. எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஓர் ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரம்தான். அட்டையை வெட்டுவதற்கு முன் அளவு போட்ட வரைபடம் வேண்டும். போன வாரம் இருவரும் வந்து பார்த்துப் போனபின் வீட்டில் வரைந்துவிட்டாள், அளவுதான் பாக்கி. கேபின் உச்சிக்கு டேப் எட்டாது. ஓர் அடிக்கு ஒரு பட்டை பூசிய கழியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துப் படம் எடுத்துவிட்டால், பட்டையை வைத்து ஜன்னல், கூரை எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுவிடலாம் என்றாள். ஆனால் படத்தை நேர் எதிரே, நல்ல தூரத்திலிருந்து எடுக்க வேண்டும். கிட்டே நின்று எடுத்தால் சுவர் மேலே போகப் போகக் குறுகிவிடுமாம்.

"இன்னும் பின்னால போம்மா. இன்னும்."

போய்ப் போய், துறைமுகத்துக்குச் செல்லும் அந்தச் சரக்குப் பாதையையே தாண்டி எதிர்ப்பக்கம் வந்துவிட்டேன். திருவொற்றியூரில் அந்த இடத்தில் எல்லாரும் அப்படித்தான் தாண்டுகிறார்கள். அவளுடைய போனும் என் பையில் இருந்தது.

வண்டி நின்றபின் சக்கரங்களுக்கு இடையில் அவளுடைய வெள்ளை ஷூ மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பிறகு வெறும் கால்கள், நிறைய.

"யார்மா நீ? இன்னாத்துக்கு அளக்குற?" ஆண் குரல்.

"சும்மா, ஒரு மாடல் செய்யறதுக்குண்ணா. பொம்மை ரயிலுக்கு."

"காதுல பூவ நல்லா அளந்து சுத்துமா!" சிலர் சிரித்தார்கள். "போன வாட்டியும் இப்டிதான் கழி எத்துகினு வந்தானுங்க. அப்பால வூட்ட இடிக்க பொக்லைன் வந்து நின்னுச்சு."

அவள் கையிலிருந்த வரைபடத்தை யாரோ வாங்கியிருக்க வேண்டும். ஒரு பெண்ணின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே எழுந்தது.

"கேபின் கீது. படிக்கட்டு கீது. எங்க வூடு எங்கடி? தொடச்சி எட்த்துட்டியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேபின் சுவரை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வீடு இருந்தது. வரைபடத்தில் அது இல்லை. ஏன் விட்டுவிட்டாய் என்று வீட்டிலேயே கேட்டிருந்தேன். "அது அப்புறம் கட்டினதும்மா. ரயில்வே கட்டினப்ப எப்படி இருந்துச்சோ அப்படித்தான் செய்யணும்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். இங்கே, அந்த வீட்டுக்காரர்கள் கையில், அதே காகிதம் வேறொன்றாகிவிட்டது.

"என் பொண்ணுங்க! விட்டுடுங்க!" என்று கத்தினேன்.

"அந்தாண்ட ஒரு ஆள் கீதுடா. கூட வந்த கும்பலு."

கும்பல் நான் ஒருத்திதான். குனிந்து வண்டிக்கு அடியில் நுழையப் பார்த்தேன். தலையை உள்ளே விட்ட நேரத்தில் வண்டி முழுவதும் ஒருமுறை குலுங்கியது. பின்னால் விழுந்தேன். முழங்கை ஜல்லியில் கிழிந்தது பிறகுதான் தெரிந்தது. மறுபடி பார்த்தபோது கால்கள் நகர்ந்துகொண்டிருந்தன. கும்பலுக்கு நடுவில் வெள்ளை ஷூவும் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். ஷூ நிற்கவில்லை. இப்போதும் வாசலில் அந்த ஷூ கிடந்தால் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன்.

வண்டியின் கடைசியை நோக்கி ஓடினேன். பெட்டி மாற்றிப் பெட்டி வந்ததே தவிர முடிவு வரவில்லை. போலீஸுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். இடத்தின் பெயரை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. போலீஸைப் பார்த்தால் அங்கே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள், அவளை என்ன செய்வார்கள் என்ற பயம் வேறு. அதற்குள் வண்டி கிளம்பியது. நடப்பவன் வேகத்தில் ஒவ்வொரு பெட்டியாகக் கடந்தது.

கடைசிப் பெட்டி போனதும் தாண்டினேன். கழி சுவரில் சாய்ந்திருந்தது. ஓர் ஆள்கூட இல்லை. கேபினுக்குப் பின்னால் மூன்று சந்துகள் பிரிந்தன. எதில் போவது? அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நடுச் சந்தில் ஒரு நாய் எழுந்து குரைத்தது.

அந்தச் சந்திலிருந்து ஒரு பெண் வந்தாள்: நைட்டிமேல் துண்டு, இடுப்பில் குழந்தை. வாயைத் திறந்ததுமே தெரிந்தது, வீடு எங்கே என்று கேட்ட அதே குரல்.

"நீதான் அம்மாவா? இன்னாத்துக்கு இப்டி நடுங்குற? உன் பொண்ண கடிச்சா துன்னுட்டோம்? எங்க வூட்டயும் படத்துல போடாம வுட மாட்டேன்னேன். உள்ள குந்திகினு போட்டுகினு கீது. கூரை ஆச்சு, கதவு பாக்கி. வா."