மீன்சந்தைப் பாலத்து ஜன்னல்

கொம்மார் ப்ரூஜ் நகரத்தைக் காலால் அறிந்தவர். இருபத்தாறு வருடமாகக் காலையில் ஒரு கும்பல், மதியம் ஒரு கும்பல் என்று வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கல் பாவிய தெருக்களில் நடந்து வருகிறார். எந்தக் கல் ஆடும், எந்த முக்கில் குதிரைவண்டிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் திரும்புவான் என்பதெல்லாம் அவர் பாதத்துக்கே தெரியும். கையில் பச்சைக் குடை, கழுத்தில் வழிகாட்டி அட்டை, வாயில் ஓயாத பேச்சு. மனைவி விட்டுப் போனதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவரைக் கெடுத்தது ஒரு பாலம். மீன்சந்தைக்குப் பின்னால் கால்வாய் மேல் இருக்கிற குட்டிக் கல்பாலம். அதன் மேல் ஒரு நேரத்தில் ஒரு கும்பல்தான் நிற்க முடியும். முதலில் வந்தவர் ஏறிக்கொள்வார், அடுத்து வந்தவர் முக்கில் காத்திருப்பார். வழிகாட்டிகளுக்குள் இது எழுதாத சட்டம். காத்திருக்கிற நாலைந்து நிமிடம் கும்பலைப் பேச்சால் பிடித்து வைக்காவிட்டால், ஆளாளுக்குச் சாக்லேட் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். திரும்பச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மழை மதியம். பாலத்தின் மேல் நின்ற ஜெர்மன் கும்பல் நகருவதாக இல்லை. கொம்மாருக்குப் பின்னால் முப்பது பேர், நனைந்து, முகம் தொங்கி நின்றார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்தாகிவிட்டது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரே ஒரு ஜன்னல் தெரிந்தது. அவ்வளவுதான், ஒரு கதையை அளந்துவிட்டார்.

முந்நூறு வருடத்துக்கு முன்னால் அந்த ஜன்னலில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாளாம். கப்பலேறிப் போன மகன் திரும்பவில்லையாம். அவள் மனம் உடைந்துவிடக் கூடாதென்று, அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்களாம். ஏழாவது குளிர்காலத்தில் மகன் வந்துவிட்டானாம். கும்பலின் முகம் மலர்ந்தது. முப்பது பேரும் கையைத் தூக்கினார்கள். ஜன்னலுக்குள் அப்போது குடியிருந்தவர் ஒரு பல் மருத்துவர். அவர் திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

பக்கத்தில் காத்திருந்த இன்னொரு வழிகாட்டி இதைக் கேட்டுக்கொண்டார். மறுவாரம் அவரும் சொன்னார். இரண்டு வருடத்தில் ஊரில் அதைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. கதை அவரவர் வாயில் வளர்ந்தது. மகனுக்கு யான் என்று பெயர் வந்தது, கப்பலுக்கும் ஒரு பெயர் வந்தது. கொம்மாருக்கு உள்ளூரப் பெருமைதான். இல்லை என்று சொன்னால் அது பொய்.

பிறகு அந்த வீட்டுக்குக் கோதலீவ் குடிவந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற விதவை. வான்னஸ் என்று ஒரே மகன், இருபத்து நான்கு வயது. கும்பல் கையைத் தூக்கும்போதெல்லாம் அம்மாவும் மகனும் ஜன்னலில் நின்று நாக்கைத் துருத்திக் காட்டிச் சிரிப்பார்கள். ஒரு மார்ச் மாதக் காலையில் ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லி வான்னஸ் வெளியே போனான். கைபேசி மேஜை மேல் இருந்தது. தீயணைப்புக்காரர்கள் நாலு நாள் கால்வாயில் முங்கித் தேடினார்கள். பழைய சைக்கிள்கள்தான் கிடைத்தன.

அன்றிலிருந்து கோதலீவ் ஜன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதல் தடவை அவளை அப்படிப் பார்த்தபோது கொம்மார் பச்சைக் குடையைத் தாழ்த்திக்கொண்டார். கும்பலை வேறு தெரு வழியாகத் திருப்பிக்கொண்டு போனார். அன்றே வழிகாட்டிகள் கூடுகிற காப்பிக்கடையில் உண்மையைப் போட்டு உடைத்தார். "அது நான் விட்ட கதைப்பா. தயவுசெஞ்சு நிறுத்துங்க."

லோட்டே என்கிற இளம் வழிகாட்டி வாய்விட்டுச் சிரித்தாள். "சார், இது ஊர்ல காலங்காலமா இருக்கிற கதை. நீங்க சொல்ற விதம்தான் தப்பு. மகன் பேரையே சொல்ல மாட்டேங்கிறீங்க. யான்னு சொல்லிப் பாருங்க, ஜனங்க அழுதுடுவாங்க."

கடை முழுக்கச் சிரிப்பு. கொம்மார் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

அந்தக் குளிர்காலத்தில், மன்னிப்புக் கேட்கலாம் என்று கோதலீவின் கதவைத் தட்டினார். அவள் காப்பியும் இஞ்சி பிஸ்கட்டும் வைத்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "மொதல்ல இவங்க மேல கோவம் கோவமா வந்துச்சு கொம்மார். அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்தாங்க, கதையை முழுசாக் கேட்டேன். ஏழாவது குளிருக்கு வந்துட்டானாமே! எனக்கு இது மொதக் குளிருதானே. முந்நூறு வருஷமா ஊர் சொல்லிக்கிட்டு வருதுன்னா ஒண்ணும் இல்லாமலா சொல்லும்?"

கொம்மார் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்தார். அந்த நாளைச் சொல்லும்போது எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வருகிறது. உலகத்துக்கே வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், பேச வேண்டிய இடத்தில் பிஸ்கட் தின்றார். அப்படியே வாராவாரம் போய்த் தின்றார். அவளை அக்கா என்று கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கமும் ஆகிவிட்டது. இரண்டு வருடம் ஓடிவிட்டது.

மூன்றாவது குளிர்காலத்தில் அவள் கால் கெட்டது. எழுந்து நடக்காமல் உட்கார்ந்தே கிடந்ததில் இரத்த ஓட்டம் போய், கணுக்காலில் புண் வந்து கறுத்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் கால் போகும், உயிரும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் மாட்டேன் என்றாள். கோர்ட்ரைக் ஊரிலிருந்து தங்கை வந்து அழுதுவிட்டுப் போனாள்.

"மூணு வாரம் ஜன்னல் காலியா இருந்தா? அந்த மூணு வாரத்துல அவன் வந்தா?" என்றாள் கோதலீவ். "வந்து பார்த்துட்டு, அம்மா இல்லன்னு திரும்பிப் போயிடுவான் கொம்மார்."

அன்றைக்குத்தான் கொம்மார் சொன்னார். காலை பதினோரு மணி இருக்கும், வெயில்கூட அடித்தது.

"அக்கா, அந்தக் கதை நான் கட்டினது."

"எந்தக் கதை?"

"ஜன்னல் கதைதான். முந்நூறு வருஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாலத்துல வேற கும்பல் நின்னுச்சு. என்ன பேசறதுன்னு தெரியல. வாய்க்கு வந்ததை விட்டேன்."

அவள் சிரித்தாள். "உனக்கு இந்த ஊர்ல எல்லாமே உன்னாலதான்னு நெனப்பு. மணிக்கூண்டையும் நீதான் கட்டினேன்னு சொல்லு."

"இந்த வீட்டுக்கு என்ன வயசு அக்கா? வாசல் மேல கல்லுல வருஷம் வெட்டியிருக்கே."

அவளுக்கு அது தெரியும். குடிவந்த புதிதில் ஏணி போட்டு ஏறி, பாசியைச் சுரண்டித் துடைத்ததே அவள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. முந்நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே ஜன்னலும் இல்லை, சுவரும் இல்லை. அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"ஏழுன்னு ஏன் சொன்னே?"

"வாயில வந்துச்சு."

"அந்தப் பையன் வந்தது?"

"மழை பெஞ்சுது அக்கா. எல்லார் மூஞ்சியும் தொங்கிப்போய் இருந்துச்சு. சந்தோஷமா அனுப்பி வைக்கணுமேன்னு…"

திட்டியிருந்தால், காப்பிக் கோப்பையைத் தூக்கி எறிந்திருந்தால், அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் போன நாளில்கூட அவள் இப்படி இருந்திருக்க மாட்டாள். அன்றைக்குத் தேடுவதற்குக் கால்வாயாவது இருந்தது.

பிறகு, "திங்கக்கிழமை வர்றேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றாள்.

"கால் நல்லாயிடும் அக்கா. மூணே வாரம்."

"நல்லானா என்ன, போனா என்ன. இனிமே நான் எங்க கிடந்தா என்ன."

கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. கொம்மாருக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

கீழே காலடிச் சத்தம் கேட்டது. லோட்டே ஒரு ஸ்பானிஷ் கும்பலோடு வந்து முக்கில் நின்றாள். பாலத்தில் வேறு யாரோ இருந்தார்கள். அவள் தலையைத் தூக்கி ஜன்னலைக் காட்டிப் பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் நாற்பது கைகள் மேலே எழுந்தன. கோதலீவின் கையும் பழக்கத்தில் பாதி வரை எழுந்தது. பிறகு மடியில் விழுந்தது.

"சாத்து" என்றாள்.

கொம்மார் எழுந்து மரக்கதவுகளை இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டார். அறை இருண்டது. வெளியே கும்பல் சலசலத்தது. அப்புறம் லோட்டேயின் குரல் உற்சாகமாகக் கேட்டது. அந்த மூன்று வருடத்தில் பகலில் அந்த ஜன்னலை யாரும் சாத்தியதில்லை. லோட்டே சமயோசிதக்காரி. பார்த்தீர்களா, ஜன்னல் சாத்தியாகிவிட்டது, அப்படியானால் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம், நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று ஸ்பானிஷில் சொன்னாள்.

கும்பல் கை தட்டியது. யாரோ விசிலடித்தார்கள். கைதட்டல் கால்வாய்ச் சுவர்களில் மோதி, சாத்திய கதவைத் தாண்டி உள்ளே வந்தது.

"எதுக்குக் கை தட்டுறாங்க?" என்று இருட்டில் கோதலீவ் கேட்டாள்.

கொம்மாருக்கு ஸ்பானிஷ் நன்றாகத் தெரியும்.

"தெரியலையே அக்கா" என்றார்.