வீடியோவில் நான் சொல்லாமல் விட்டது

கிள்ளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். உப்பங்கழியைத் தாண்டி மணல் திட்டுக்கு நான் நடந்து போவதை வீடியோவாகப் போட்டேன். அது பரவி, ஞாயிறுதோறும் கார்கள் வந்து குவிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு ஞாயிறு, கழி நடுவே மார்பளவு தண்ணீரில், தோளில் குழந்தையோடு ஒருவர் அலறினார். என் கணவர் படகில் போய் இருவரையும் மீட்டார்.

"வீடியோல முட்டி வரைக்கும்தானங்க தண்ணி இருந்துச்சு?" என்று கரையேறியதும் அந்த மனிதர் என்னிடம் கேட்டார்.

"கடல் தண்ணி ஏறுற நேரத்த அதுல சொன்னியாடி?" என்றார் கணவர்.

சொல்லவில்லை. எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

வீடியோவை அழித்துவிட்டேன். ஆனால் பலர் போனில் அது இன்னும் ஓடுகிறது. அதனால் ஞாயிறுகளில் நானே கரையில் நின்று தடுக்கிறேன்.

போன வாரம் ஒரு பெண் போனை நீட்டி, "இவுங்க மட்டும் போறாங்களே?" என்று சண்டைக்கு வந்தாள்.

போனில் நான் சிரித்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தேன்.