நகுலேஸ்வரன் கட்டிய சிவப்புத் துணி

நகுலேஸ்வரன் காலையில் வாளியோடு வெளியே வந்தால் முதலில் தரையைப் பார்ப்பதில்லை, சுவரைத்தான் பார்ப்பார். இத்தாலியில், கபோ சந்தைக்குப் பின்னால் நாலு மாடிக் கட்டிடம், அதன் முகப்பு முழுக்க வயர். தொலைபேசி வயர், அன்டனா வயர், இன்டர்நெட் வயர், நடுநடுவே தண்ணீர்க் குழாய். "இதென்ன சுவரோ, இடியப்பத் தட்டோ?" என்று கேட்டுவிட்டுத்தான் படி கழுவத் தொடங்குவார்.

பதினெட்டு வருடமாக அந்தக் கட்டிடத்துக்கு அவர்தான் காவலாளி. கம்பனிக்காரன் வருவான், ஏணி வைப்பான், புதிதாக ஒன்றைத் தொங்கவிட்டுப் போய்விடுவான். பழையதைக் கழற்ற ஒருவனுக்கும் கை வராது. "கட்டத் தெரிஞ்சவனுக்கு அவிழ்க்கத் தெரியாதோ?" என்று பொருமுவார். மகள் தர்சனா ஒருநாள் ஜப்பான் தெருக்களின் படங்களைக் கைபேசியில் காட்டி, "அப்பா, அங்கையும் இப்பிடித்தான் தொங்குது" என்றாள். "அங்கை தொங்கினாலும் எது ஆருடையது எண்டு ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்கும்" என்றார்.

இந்தச் சுவரில் அந்த ஒருத்தன் நகுலேஸ்வரன்தான். ஆனால் எதையும் வாய்விட்டு விளக்கமாட்டார். தனக்கு வெளிச்சமானது ஊருக்கே வெளிச்சம் என்ற நினைப்பு.

மூன்றாம் மாடியில் சிஞ்ஞோரா கொன்செத்தா என்ற இத்தாலியக் கிழவி. எண்பத்தாறு வயது, தனிக்கட்டை. காலை எட்டு மணிக்குக் கயிற்றில் கூடையை இறக்குவார். அதற்குள் சின்னப் போத்தலில் நகுலேஸ்வரனுக்குக் கோப்பி இருக்கும். சிஞ்ஞோராவின் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்குகிறது. அமர்த்தினால் பழைய தொலைபேசி வயர் வழியாக உதவி நிலையத்துக்கு மணி போகும். போன மார்கழியில் குளியலறையில் விழுந்தவரை அதுதான் காப்பாற்றியது. சுவரில் எதை மறந்தாலும் அந்தச் சாம்பல் நிற வயரை நகுலேஸ்வரன் மறப்பதில்லை.

செத்துப்போன வயர்களை வெட்ட ஆள் அனுப்புவதாகக் கட்டிட நிர்வாகி ஒருவழியாகச் சொன்னார். ஆள் வருவதற்கு முதல் நாளே நகுலேஸ்வரன் பல்கணி பல்கணியாகப் போய்த் துணி கட்டினார். உயிருள்ள வயருக்கு மனைவி சந்திரமதியின் சிவப்புச் சேலைக் கிழிசல். செத்ததற்கு வெள்ளை வேட்டித் துண்டு.

"வெட்ட வாறவனிட்டைச் சொன்னீங்களோ?" என்று சந்திரமதி கேட்டார்.

"சிவப்பு மங்கலம், வெள்ளை செத்தவீடு. இதையும் ஒருத்தனுக்கு விளங்கப்படுத்த வேணுமோ?"

மறுநாள் ஒருவன் நீள ஏணியோடு வந்து வெட்டத் தொடங்கினான். நகுலேஸ்வரன் கீழே படு திருப்தியாக நின்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, உள்ளேயிருந்து தர்சனா கத்தினாள்: "அப்பா, இன்டர்நெட் நிண்டுட்டுது!"

காலடியில் விழுந்துகிடந்த வயரைப் பார்த்தார். சிவப்புத் துணி. மேலே வெள்ளைத் துணிகள் எல்லாம் பத்திரமாகச் சுவரில் ஆடின. பாவி, எல்லாவற்றையும் தலைகீழாக வெட்டுகிறான்! "ஃபெர்மா! ஃபெர்மா!" என்று நிறுத்தச் சொல்லிக் கத்தினார். சந்தைக்காரர்களின் கூவலில் அது யாருக்குக் கேட்கும்? ஏணி மூன்றாம் மாடிக்கு உயர்ந்துகொண்டிருந்தது.

வாளி உருண்டது. ஐம்பத்தொன்பது வயதில் மூன்று மாடிப் படியை ஓடியே ஏறினார். கதவைத் திறந்த சிஞ்ஞோராவை விலக்கிக்கொண்டு பல்கணிக்குப் போய், எட்டி, சாம்பல் வயரைச் சிவப்புத் துணியோடு பொத்திப் பிடித்தார். வெட்டுக் குறடு அவர் விரலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"சிவப்பு என்றால் வெட்டத்தானே?" என்று அவன் இத்தாலிய மொழியில் கேட்டான்.

"உன்ரை தலையை வெட்டு! சிவப்பெண்டா உயிரடா, உயிர்!" ஆத்திரத்தில் தமிழ்தான் வந்தது.

சிஞ்ஞோராவுக்கும் ஒன்றும் புரியவில்லை. மூச்சு வாங்க நின்றவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கோப்பி கொண்டுவந்து நீட்டினார். நகுலேஸ்வரன் அதை இடக்கையால் வாங்கிக் குடித்தார். ஏணிக்காரன் இறங்கி நிலத்தில் கால் வைக்கும்வரை வலக்கை அந்த வயரை விடவில்லை.