முதல் முடிவை நம்பாத ரெஜினா அக்கா

ரெஜினா அக்கா காலமாகிவிட்டார் என்று வட்சப்பில் வந்த செய்தியை நான் நம்பவில்லை. மலர்வளையத்துக்கு நடுவே அவருடைய படம் இருந்தது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு அவருடைய இலக்கத்துக்கே அழைத்தேன். தம்பி சேவியர் எடுத்தார். "ஓம் அண்ணை, உண்மைதான். விடியக்காலமை அக்கா போயிட்டா." அவரோடு வேலை செய்த உங்களில் பலரும் இப்படித்தான் சரிபார்த்திருப்பீர்கள்.

பள்ளிமுனையில் பிறந்து, வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் அயன்பரிமாற்ற மென்சவ்வுகளை வடிவமைத்தவர் அவர். உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்தினால், பல்பகுதியம் என்ற பொலிமரால் ஆன அந்த மெல்லிய தாள்கள் உப்பை மட்டும் தங்களூடாக வெளியே விட்டு, குடிக்கக்கூடிய நீரை மிச்சம் வைக்கும். மன்னார்த் தீவின் தென்கரையில் எங்கள் கிராமத்துக் கிணறுகள் உப்பேறிச் சவராகிப்போனபின் அந்த வேலையோடு மன்னாருக்குத் திரும்பினார். மென்சவ்வு பொருத்திய இயந்திரத்தை இயக்கும் பொறுப்பு எனக்கு.

முதல்நாள் கிணற்றடியில் சோதனைக்கு நீர் பிடித்த போத்தில்களோடு நின்றவரை ஊர் சூழ்ந்துகொண்டது. கனிமத்துக்காக எங்கள் கரை மண்ணைத் தோண்ட யார் யாரோ வந்துபோன காலம். நீர்க்குழுத் தலைவர் அந்தோனிப்பிள்ளை நேராகவே கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் ஆரின்ர ஆள்? தண்ணி எடுக்க வந்தனீங்களோ, மண் பாக்க வந்தனீங்களோ?"

அக்கா முகம் சுளிக்கவில்லை. "நல்லாக் கேளுங்கோ. இதில பாதிப் போத்தில் உங்களிட்டை இருக்கட்டும். வேறை இடத்தில குடுத்துப் பாருங்கோ. நான் சொல்லுறது பொய்யெண்டால் பிடிபடும்தானே?" என்றார். அந்தோனிப்பிள்ளை போத்தில்களை வாங்கி வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

அவர் வடிவமைத்த முதல் மென்சவ்வு அபாரமாக வேலை செய்தது. குழாயில் நல்ல நீர் வேகமாக வந்தது. பணம் கொடுத்த நிறுவனம் திறப்புவிழாவுக்கு நாள் குறித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இவ்வளவு நல்லா வந்தால் எங்கையோ பிழை இருக்கு" என்று ஒரு தாளைக் கழற்றிக் கொண்டுபோய் வெயிலில் காயவிட்டார், நனைத்தார், மறுபடி காயவிட்டார். கரண்ட் நின்றால் இங்கே இயந்திரமும் அப்படித்தான் காயும் என்பது அவர் கணக்கு. பிறகொரு நாள் அந்தத் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னைக் கூப்பிட்டார். தலைமயிர் அளவில் ஒரு வெள்ளைக் கோடு. உப்பு வேகமாகப் போகவென்று ஏற்றிய மின்னேற்றக் கூறுகள் அதிகம். அதனால் தாள் அளவுக்கு மீறி வீங்கி, காயும்போது வெடிக்கிறது என்றார்.

விழாவை நிறுத்தினார். அதன்பின் சந்தேகம் முழுவதும் அவர்மேல் திரும்பியது. போட்டிக் கொம்பனி ஒன்று அவரை வாங்கிவிட்டதாக நிறுவனத்தார் பேசினார்கள். ஊரிலும் பேச்சு வேறாகிவிட்டது. "அவா ஏன் எங்கட தண்ணியைக் குடிக்கிறேல்லை? கையில எப்பவும் தன்ர போத்தில்தானே?" என்று அந்தோனிப்பிள்ளை என்னிடம் கேட்டார். அது எனக்கும் உறுத்தியது. உள்ளே ஏதோ நஞ்சு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

அக்கா தன் வேலைக்கே திரும்பினார். மின்னேற்றக் கூறுகளைக் குறைத்தார். பல்பகுதியச் சங்கிலிகளை ஒன்றோடொன்று இன்னும் இறுக்கிப் பிணைத்தார்; நடுவில் உறுதியான துணி வைத்தார். குழாய் மெதுவாகத்தான் ஓடியது. வரிசையில் நின்றவர்கள் ஏசினார்கள். ஆனால் அந்தத் தாள் வெடிக்கவில்லை, இன்றுவரை ஓடுகிறது.

செத்தவீட்டில் சேவியரிடம் போத்திலைப் பற்றிக் கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "அக்காவுக்கு அப்பவே ரெண்டு சிறுநீரகமும் ஏலாது அண்ணை. டொக்டர் அளவாத்தான் குடிக்க விட்டவர். அந்தப் போத்திலில இருந்தது உங்கட குழாய்த் தண்ணிதான். உங்கட ஊருக்குப் போற நேரமெல்லாம் ஒரு கான் தண்ணி பிடிச்சுக்கொண்டு வருவா." சோதனைக்குக் கொண்டுபோகிறார் என்றல்லவா நாங்கள் நினைத்திருந்தோம்!

ஆஸ்பத்திரியில் அக்காவை நான் கடைசியாகப் பார்த்தபோது இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு படுத்திருந்தார். "இதுக்குள்ளயும் மென்சவ்வுதான். ஆர் செய்ததெண்டு நேர்ஸைக் கேட்டன், அவவுக்குத் தெரியேல்லை" என்று குறைப்பட்டார். நான் எழும்பும்போது சொன்னார்: "அந்த மெசினுக்கு என்ர பேரை வைச்சிடாதேங்கோ. பேர் வைச்சால் பிறகு ஒருத்தரும் அதில பிழை பிடிக்கமாட்டினம்."

அடக்கம் முடிந்தபின் நீர்க்குழு கூடியது. பெயர்ப்பலகை வைக்கவேண்டும் என்று ஒரே குரலில் சொன்னார்கள். நான் அவர் சொன்னதைச் சொன்னேன். அந்தோனிப்பிள்ளை கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"அவ அப்பிடிச் சொன்னவா எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று ஆஸ்பத்திரி அறையில் வேறு யாரும் இருக்கவில்லை. நாங்கள் பலகை வைப்பதா இல்லையா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆனால் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். ஊர் முழுக்க அழுதுகொண்டிருந்த வேளையிலும் ஒருவர் அதைக் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அக்காவே எதிரில் வந்து அமர்ந்து கேட்டதுபோல் இருந்தது.