மூன்று முகப் பலகையும் கனகுவின் சேவலும்

அசைகிற விளம்பரப் பலகை வைத்திருக்கிறவனுக்கு ஒருநாளும் ஆறுதலாக இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கக் கிடைக்காது. பலகை நின்றால் ஏன் நின்றது என்று கேட்பார்கள். சுற்றினால் ஏன் அப்படிச் சுற்றுகிறது என்று கேட்பார்கள். பங்குக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைத்து, பக்கத்து வளவுக்காரனிடம் பேச்சும் வாங்கினவர்கள் உங்களில் இருந்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு உடனே விளங்கும். என்னுடையதும் பங்குதான். கிணறு நிலத்தில் இருக்கும், இது கூரையில் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோப்பாய்ப் பக்கம் ஒரு சந்தியில், சிவத்தின் ஹாட்வெயர் கடைக்கு மேலே நிற்கிறது என் பலகை. இப்போது ரவுணில் பார்க்கிற இடமெல்லாம் எல்ஈடி திரைகள் மின்னுகின்றன. என்னுடையது அதுகளுக்கு முந்தினது. நீளமான முக்கோணக் கட்டைகளைப் படுக்கையாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று பக்கம். எல்லாக் கட்டையும் ஒன்றாகப் புரண்டால் ஒரு விளம்பரம் மறைந்து அடுத்தது வரும். உள்ளே இருப்பது பழைய லொறி ஒன்றின் வைப்பர் மோட்டரும் சயிக்கிள் செயினும் பல்லுச் சில்லும்தான். மேல்பாதிக் கட்டைகளுக்கு ஒரு செயின், கீழ்ப்பாதிக்கு ஒரு செயின். இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கோ, என் தலையிடி முழுக்க அந்தக் கீழ்ச் செயினில்தான் தொடங்கினது.

மூன்று முகத்துக்கும் மூன்று பேர். ராணிப்பிள்ளையின் புடவைக் கடை ஒன்று, ரியூசன் மாஸ்டர் ஒன்று, கனகுவின் கோழிக் கடை ஒன்று. மூவரும் என்னை வாய் நிறைய அண்ணை என்று கூப்பிடுகிறவர்கள். அதற்குப் பின்னால் வருகிற சொற்களைத்தான் இங்கே எழுத முடியாது. கூரைக்காரன் சிவமும் நல்ல பெடியன்தான். ஆனால் அவனுடைய மச்சான் கனடாவிலிருந்து ஒரு திரை வாங்கித் தருகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, என் பலகையை இறக்க ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தான். அந்தக் கூரையை விட்டால் எனக்கு வேறு கூரையும் இல்லை, இந்த வயதில் வேறு தொழிலும் இல்லை. அதனால்தான் மூவரிடமும் எல்லாப் பேச்சும் கேட்டுக்கொண்டு வாயை மூடி இருந்தேன்.

மாஸ்டரின் மணிக்கூடு

மாஸ்டர் ஒருநாள் எதிரே பஸ் நிற்கிற இடத்தில், கையில் போனை வைத்துக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். முதலில் பஸ்ஸுக்கு நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு பஸ் போய்விட்டது, மனிசன் ஏறவில்லை. போனில் நேரம் பிடிக்கிறார். தன்னுடைய விளம்பரம் சட்டென்று போய்விடுகிறதாம், ராணியின் மணப்பெண் மட்டும் ஆறுதலாக நிற்கிறாளாம். நான் அவளுக்குச் சலுகை கொடுக்கிறேன் என்று கடை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மோட்டருக்குப் புடவைக் கடையும் தெரியாது, கணித பாடமும் தெரியாது. அது எல்லோரையும் ஒரே மாதிரித்தான் புரட்டும். திரும்பத் திரும்ப அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். மூன்றும் ஒரே நேரம்தான் நின்றது. அவருடைய போனும் அதையே சொன்னது. அதற்குப் பிறகாவது போவார் என்று பார்த்தால், பஸ்ஸுக்கு நிற்கிற சனத்தைக் காட்டி என்னிடம் கேட்கிறார்: "அப்ப ஏன் அண்ணை, கோட்டும் ரையும் போட்டு நான் வரேக்குள்ளை மட்டும் சனம் குனிஞ்சு போனைப் பாக்குது?"

கீழ்ச் செயின் கழன்ற நாள்

பிறகு மழை பெய்து பல்லுச் சில்லில் கறள் பிடித்தது. ஒருநாள் காலையில் கீழ்ச் செயின் வழுகிவிட்டது. மேல்பாதி புரண்டது, கீழ்ப்பாதி புரளவில்லை. நான் வாசிகசாலைப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வரும்போது சந்தியில் பள்ளிக்கூடப் பெடியள் முழுப்பேரும் போனை உயர்த்திப் படம் எடுக்கிறார்கள். யாருக்கோ விபத்து என்று நினைத்து ஓடினேன்.

மேலே மாஸ்டர் கோட்டும் ரையும் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். கீழே இருக்கவேண்டிய "சாதாரண தரம், உயர்தரம்" இல்லை. கனகுவின் கோழிக் கடை வரிதான் நிற்கிறது: "உயிருடனும் உரித்தும் கிடைக்கும்." நான் ஏணியில் ஏறிச் செயினை மாட்டுவதற்குள் மாஸ்டர் மோட்டச் சயிக்கிளில் வந்து இறங்கிவிட்டார். நான் வேண்டுமென்றே செய்தேனாம். சில்லில் கறள் பிடித்தது என்று சொல்லுகிறேன், கேட்கிற மனிசன் இல்லை. சிவமும் வெளியே வந்து, பாத்தியளே அண்ணை, திரையெண்டால் உந்தக் கரைச்சல் வருமோ என்று என் காதுக்குள் ஊதிவிட்டுப் போனான். நான் கூரையில் கிறீஸ் கையோடு நின்று ஏச்சு வாங்க, பஸ்ஸுக்கு நின்ற ஒரு தகப்பன்தான் மாஸ்டரின் தோளில் கை போட்டுச் சமாதானம் சொன்னார்: "விடுங்கோ மாஸ்டர், எங்கடை பிள்ளையள் வீட்டை வந்து சொல்லுறதும் அதைத்தானே."

ராணியின் மணப்பெண்

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டு ஊர்வலம் ரோட்டால் வந்தால் கடைக்காரர் கதவைப் பாதி சாத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். பாட்டுப் போட்டிருந்தால் நிற்பாட்டுவார்கள். நானும் பறைச் சத்தம் கேட்டவுடன் சுவிச்சை அமத்திப் பலகையை நிற்பாட்டிவிட்டுச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே வந்து நிற்பேன். போகிறவருக்கு மேலே ஒரு பலகை படபடவென்று புரண்டுகொண்டிருந்தால் நல்லாகவா இருக்கும்? இதுக்கும் ஒரு குறை வரும் என்று நான் நினைக்கவேயில்லை.

பலகை எந்த முகத்தில் நிற்கும் என்பது என் கையில் இல்லை. முகம் பார்த்துக் காத்து நிற்க அவகாசம் இல்லை, பறை கேட்கிற நேரத்தில் எது முன்னால் இருக்கிறதோ அதுதான். அது எனக்குப் பொல்லாத காலம், வந்த ஊர்வலம் எல்லாவற்றுக்கும் ராணியின் முகமே வந்து நின்றது. பட்டுடுத்திப் பூ வைத்து, கை கூப்பி, "அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்" என்று ஒரு மணப்பெண் சிரிக்கிறாள், கீழே பாடை போகிறது. கூறைச் சேலை எடுக்க வந்த ஒரு கலியாண வீட்டுப் பகுதி அதைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டதாம். ராணி நேரே சிவத்திடம் போய் முறையிட்டுவிட்டு, பிறகு என்னிடம் வந்தாள். நான் விளங்கப்படுத்தினேன். பிணத்தையும் நான் அனுப்புவதில்லை, நேரத்தையும் நான் குறிப்பதில்லை என்றேன். அவள் கண் கலங்கிப்போய் நின்றாள்: "எல்லாம் சரி அண்ணை, என்ரை கலியாணப் பொம்பிளை இன்னும் எத்தினை செத்தவீடு பாக்கிறது?"

தேருக்கு முந்தின கதை

இத்தனைக்கும் பிறகு எங்கள் முருகன் கோயில் தேர் வந்தது. சாமி வெளிவீதி சுற்றி, சந்தியால் திரும்பித்தான் இருப்பிடத்துக்குப் போகும். திருவிழா முடியும்வரை ஊரில் மச்ச மாமிசம் இல்லை, கனகுவும் கடையைப் பூட்டிவிடுவான். ஆனால் கடையைப் பூட்டினாலும் பலகையில் கோழி சுற்றுகிறதே. சிவம் என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னான். சாமிக்கு முன்னால் கோழிக் கடை முகம் தெரிந்து ஊரில் ஒரு கதை வந்தால், அடுத்த நாள் பலகை கீழே. அதற்குப் பிறகு அண்ணை தம்பி இல்லை. கனடாத் திரை வந்து கொழும்பில் நிற்கிறது என்றும் சொன்னான்.

சரி, சாமி வரும்போது வேறு முகத்தில் நிற்பாட்டிவிடுகிறேன் என்றேன். எந்த முகத்தில் என்று உடனே சண்டை. செத்தவீடு எல்லாம் பார்த்தது நான்தானே, சாமியையும் நானே பார்க்கிறேன் என்றாள் ராணி. மாஸ்டர், படிப்புக்கு முதலிடம் இல்லாத ஊர் உருப்படாது என்றார். கடைசியில் ராணியின் முகம் என்று முடிவாயிற்று. மாஸ்டர் என்னோடு கதைப்பதை விட்டார், அது ஒரு ஆறுதல். ஆனால் கனகு வந்தான். அவனுடைய சேவலை நீங்கள் பார்க்கவேண்டும். கொண்டை சிவந்து, வால் மயில் மாதிரி வளைந்து, நெஞ்சை நிமிர்த்திக் கூவுகிற ஊர்ச் சேவல். படம் கீறினவன் நல்ல கைகாரன். அதைச் சாமிக்குக் காட்டாமல் ஒளிக்கிறோம் என்று கனகுவுக்கு மனவருத்தம். கடைக்குள் பத்துப் பேர் நிற்க, சிவத்தைப் பார்த்துக் கேட்டான்: "முருகன்ரை கொடியிலை நிக்கிறது என்ன, புறாவே?"

தேர் வந்த சந்தி

தேரன்று விடியவே குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கூரையில் ஏறிவிட்டேன். கடைகளுக்கு முன்னால் நிறைகுடம் வைத்துக் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். தேர் திரும்புகிற நேரம் ராணியின் முகம் வர, சுவிச்சை அமத்துவது என் வேலை. அதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. ஆனால் நானும் ஒரு மடையன், சிவமும் ஒரு மடையன், இத்தனை பேர் கூடிக் கதைத்தும் ஒருவருக்கும் ஒரு விஷயம் நினைவு வரவில்லை. தேர் உயரம். முடி வயரில் முட்டும் என்று ஒவ்வொரு வருடமும் தேர் கிட்ட வருமுன்னமே கரண்டை நிற்பாட்டிவிடுவார்கள்.

நிற்பாட்டினார்கள். மோட்டர் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. எட்டி முன்னால் பார்த்தால் கனகுவின் சேவல். அதற்குக் கீழே "உயிருடனும் உரித்தும் கிடைக்கும்." தேர் சந்திக்குக் கிட்ட வந்துவிட்டது, அரோகராச் சத்தம் காதைப் பிளக்கிறது, கீழே சிவம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். முழுப் பலகையையும் கையால் புரட்ட என்னால் ஏலாது, மேல்பாதி கனதி. கீழ்ச் செயினைத்தான் எட்ட முடிந்தது. மாஸ்டரிடம் ஏச்சு வாங்கித் தந்த அதே செயின். முருகா என்று அதைக் கழற்றிவிட்டுக் கீழ்க் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் புரட்டினேன். விரல் நசிந்து இரத்தம் வந்தது. கடைசிக் கட்டை புரளவும் தேர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

மேலே கூவுகிற சேவல், கீழே "அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்." வடம் பிடித்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தூக்க, சந்தி முழுக்க என் பலகையைப் பார்த்து அரோகரா. தேருக்குப் பின்னால் கர்ப்பூரச் சட்டியோடு வந்த ஒரு மனிசி, நான் சேவலுக்குப் பின்னால் நசிந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டுக் குரல் கொடுத்தாள்: "ஆரப்பா உதைக் கீறினது, பக்கத்திலை ஒரு வேலும் வைச்சிருக்கலாமே?"

அதற்குப் பிறகும் விட்டார்களா?

அடுத்த நாள் பலகையை இறக்கச் சொல்லப்போகிறான் என்று நினைத்துக்கொண்டுதான் சிவத்தின் கடைக்குப் போனேன். அவனுடைய மாமி பலகைக்குக் கீழே கர்ப்பூரம் கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தா. சிவம் மெல்லமாக வந்து, பலகை இருக்கட்டும் அண்ணை, ஆனால் சேவலை மட்டும் ஒருநாளும் எடுத்துப்போடாதையுங்கோ, ஊர் என்னை விடாது என்றான். திரையைத் தன் வீட்டு ஹோலில் மாட்டி ரிவி பார்க்கிறான்.

அப்பாடா என்று இருந்தேன். இருக்கவிட்டார்களா? ராணி, என்ரை வரியை ஆரைக் கேட்டுக் கோழிக்குக் குடுத்தனீங்கள் என்று வந்தாள். கதைக்காமல் இருந்த மாஸ்டரும் கதைக்கத் தொடங்கிவிட்டார், முழுச் சந்தியும் கும்பிட்ட இடத்தில் தன்னுடைய ஒரு எழுத்தைக்கூடப் போடவில்லையாம். வெள்ளிக்கிழமையில் சேவல் முகத்திலேயே பலகையை நிற்பாட்டி வைக்கச் சொல்லி ஊர்ச் சனம் கேட்கிறது. என் நசிந்த விரலை ஒருவரும் கேட்கவில்லை.

கனகுவாவது சந்தோசமாக இருப்பான் என்று பார்த்தேன். கடை திறந்து சில நாள் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். சேவலை இறக்கித் தரவேண்டுமாம். இறக்கினால் சிவம் பலகையையே இறக்கிவிடுவான் என்று நான் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னேன். அவன் பலகையை அண்ணாந்து பார்த்தான், பிறகு தன் கடையைப் பார்த்தான்: "காலமை வந்து சேவலைக் கும்பிட்டுட்டுப் போற சனம், பிறகு என்ன முகத்தோடை அண்ணை என்னட்டைக் கோழி வாங்க வரும்?"

மூன்று முகத்துக்கும் மூன்று சொந்தக்காரர், கும்பிட ஒரு ஊர், இருக்க ஒரு கூரை எல்லாம் கிடைத்த பலகையில் எனக்கென்று மிஞ்சினது காகம் எச்சம் போட்ட பின்பக்கத் தகரம்தான்.