தண்ணீரில்தான் ஆசிட்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் என் மகள் பதினோராவது படித்தபோது நடந்த இதை நானே எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் அப்பா இல்லாத வீடு எங்களுடையது. முடிவெல்லாம் அவள் பெரியப்பாவுடையதுதான். ஊத்தங்கரைப் பக்கம் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர், ஓசூரில் கம்பெனிகள் பெருகியதும் எங்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆசிட் தெறித்து மகளின் தாவணியில் ஓட்டை விழுந்ததிலிருந்து அவருக்கு மனம் ஆறவில்லை. படித்தது போதும், தெருமுனைக்கு வரும் கம்பெனி வண்டியில் வேலைக்கு ஏற்றிவிடலாம் என்றார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைக்கிறார்கள், ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சி அழைத்துப்போனேன்.

மகள் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு நின்றாள். குவளையில் முதலில் தண்ணீர். அதில் கண்ணாடிக் குச்சி வழியாக ஆசிட்டைக் கொஞ்சமாக இறக்கினாள், கலக்கினாள், ஆறவிட்டாள், மறுபடி இறக்கினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பெரியப்பாவுக்கோ பொறுமை இல்லை. சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டு, மேலே தண்ணீரைக் கொட்டிப் பழகிய கை அது.

“என்னம்மா, கொழந்தைக்கு மருந்து ஊத்துற மாதிரி ஊத்திக்கிட்டு. அதுலயே ஒரு சொம்பு தண்ணிய வுட்டா ஆச்சு” என்று தண்ணீர் ஜாடியைத் தூக்கி, ஆசிட் பாத்திரத்தின்மேல் சாய்க்கப்போனார்.

மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். “வேணாம் பெரீப்பா. கைய எடுங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எடுத்துவிட்டார். ஆசிட்டைத் தண்ணீரில் விட்டால் அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும், தண்ணீரை ஆசிட்டில் விட்டால் மேலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும் என்று தணிந்த குரலில் சொன்னாள். குவளைக்குப் பக்கத்தில் கையை வைத்துச் சூட்டைப் பார்க்கச் சொன்னாள்.

“நம்ம சுண்ணாம்பு மாதிரியா?”

“அதவிட மோசம் பெரீப்பா.”

பஸ்ஸில் அவர் எங்களை விட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் மகள், நாலு பேர் எதிரில் பெரியப்பாவை அவமானப்படுத்திவிட்டேன், இனிப் படிப்பு இல்லை என்று என் மடியில் அழுதாள்.

மறுநாள் காலையில் கம்பெனி வண்டி வந்து ஆரன் அடித்தது. பெரியப்பாதான் இறங்கிப்போனார். “எங்க வூட்டுப் பொண்ணு வராதுப்பா. அதுக்கு ஆசிட் வேல இருக்குது” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

ஆசிட்டைப் பற்றி நன்றாக விளக்கியதால்தான் மனம் மாறினார் என்று மகள் நம்பினாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் செய்யப்போன ஒன்றை வேண்டாம் என்று தடுக்க, நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வந்ததில்லை, எனக்கும்தான். அவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும். தண்ணீர் தப்பான பாத்திரத்துக்குப் போகிறது என்பது மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது.