புனிதவதி அக்காவின் மாதக்காசு

“என்னத்துக்கு இப்ப காசு?” என்று கேட்காமல் புனிதவதி அக்கா ஒருவருக்கும் சீட்டைக் கொடுப்பதில்லை. மோர்னிங்சைட்டில், எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில், மாதத்தின் முதல் ஞாயிறு அவர் வீட்டில்தான் சீட்டை ஏலம் கூறுவோம். அதிகம் கழிவு விட்டுக் கேட்பவருக்குக் காசு முந்திக் கிடைக்கும். கார் வாங்கும் அவதியில் நான் ஒருமுறை பத்தாயிரம் டொலர் சீட்டை ஏழாயிரத்துக்கு எடுத்து, அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏசியபடியே தேத்தண்ணியும் தந்தார். அதில் மூன்று கரண்டி சீனி. வேண்டாம் என்றால் அவருக்குக் காதில் விழாது.

அறுபத்திரண்டு வயது. எட்டு வருடத்துக்கு முன், வேலைக்குப் போக வீதியைக் கடந்தவரைக் கார் அடித்து இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இப்போதும் கதிரையை விட்டு எழும்புமுன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, வாய்க்குள் மூன்றுவரை எண்ணுவார். நட்டஈட்டை ஒரேயடியாக வாங்காமல் மாதம் மாதம் வரும்படி எழுதுவித்தது அவரேதான். லோயர் காரணம் கேட்டபோது சொன்னாராம்: “மொத்தமாக் கிடந்தா ஆரும் வந்து கேப்பினம். எனக்கு இல்லையெண்டு சொல்ல வராது.” மாதம் ஆயிரத்து எண்ணூற்றைம்பது டொலர், இன்னும் பதினாலு வருடத்துக்கு. கணவரும் இல்லாத மனுசிக்கு வாடகை, மருந்து, சாப்பாடு எல்லாம் அதுதான்.

போன கிழமை என்னைக் கூப்பிட்டார். ஆங்கிலக் கடதாசி ஒன்று வாசிக்க வேண்டுமாம். ஒரே மகன் றமேஸ் விட்பியிலிருந்து வந்து, ஜாக்கெற்றைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். வரப்போகும் மாதக்காசு முழுவதையும் ஒரு கம்பனிக்கு எழுதிக் கொடுத்தால், ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரம் உடனே கைக்கு வரும் என்றது கடதாசி. கணக்குப் பார்க்க அக்கா விரல்கூட மடிக்கவில்லை. மூன்று லட்சத்துக்கு மேல் வரவேண்டிய காசு, அரைவாசியும் இல்லையே என்றார். பிறகு மகனிடமும், என்னத்துக்கு இப்ப காசு என்ற அதே கேள்விதான்.

அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். வீட்டு மோர்ட்கேஜ் கடனைப் புதுப்பித்தபோது வட்டி ஏறிவிட்டது. மனைவி நதீஷாவின் வேலையும் போய்விட்டது. நாலு மாதத் தவணை நிலுவை. வங்கி வீட்டை எடுக்கப்போகிறது. அக்காவின் முகம் செத்துவிட்டது. இல்லையென்று சொல்ல வராத மனுசி, கையெழுத்தைப் போட்டுவிடப் போகிறாரே என்று பயந்துபோனேன்.

“இந்தக் காசு உன்ர வீட்டை எவ்வளவு காலம் காக்கும்?”

“ரெண்டு வருசம் சமாளிக்கலாம், அம்மா.”

“அதுக்குப் பிறகு?”

அவன் ஜாக்கெற்றின் சிப்பை ஏற்றி இறக்கினான்.

“வீடு போனாலும் என்ர மாசக்காசு வரும், தம்பி. ரெண்டும் போனா நாங்கள் எல்லாரும் எங்க போறது?”

அக்கா கடதாசியை மடித்து அவன் பக்கம் தள்ளிவிட்டார். றமேஸ் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

அக்கா மெல்ல எழும்பி இரண்டாவது அறைக்குள் போனார். அங்கிருந்த அலுமாரியைத் திறந்து, தன் சேலைகளையெல்லாம் அள்ளி வெளியே வைத்தார். கீழ்த்தட்டுக்குக் குனிய முடியவில்லை, அதில் இருந்தவற்றைக் காலால் இழுத்தெடுத்தார். அலுமாரி வெறுமையானதும், “நதீஷாவின்ர உடுப்பு வைக்க இவ்வளவு இடம் காணுமே?” என்று மகனைக் கேட்டபடி, ஈரத்துணியால் தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினார்.